பட்டியலில் ஒரு கேள்விக்குறி

எங்கள் வார்டில் நின்ற மூன்று வேட்பாளர்களையும் அக்குவேறு ஆணிவேறாக அறிந்த ஒரே மனிதர் மீட்டர்காரர்தான். மூவரில் ஒருவருக்கும் அவர் ஓட்டுப் போடவில்லை. உடனே ஜனநாயக விரோதி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விஷயம் வாசல் மணியில் இருக்கிறது.

முப்பத்தொரு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டரைப் பார்த்து எழுதியவர் அவர். கதவைத் திறப்பார்கள், மீட்டரைக் காட்டுவார்கள், சாத்துவார்கள். மொத்தம் ஒன்றரை நிமிடம். ஓய்வு பெற்றபின் அவர் வீட்டு மணியை அடிக்க ஆளில்லை. மனைவி போய் நாலு வருடம் ஆகிறது. மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று கேட்பாள். அதற்கும் ஒன்றரை நிமிடம்தான்.

தேர்தல் வந்தது. மணி அடித்தது.

முதலில் வந்தவர் கவுன்சிலர். போன தேர்தலில் அவர் வீடு இருக்கும் மூன்றாம் மாடி ஏறியவர், இந்தத் தேர்தலில்தான் மறுபடி ஏறினார். நடுவில் மூச்சு வாங்க ஐந்து வருடம் தேவைப்பட்டிருக்கிறது. கூட வந்த ஆள் தண்ணீர் குடிக்கும்போது கையிலிருந்த பட்டியலை மேஜைமேல் வைத்தான். மீட்டர்காரரின் கண் எண்களையும் குறிகளையும் தூரத்திலிருந்தே படித்துப் பழகியது. நமக்கு விழும் என்ற வீட்டுக்கு டிக். விழாது என்றால் பெருக்கல் குறி. இரண்டுங்கெட்டானுக்குக் கேள்விக்குறி. டிக் வாங்கிய எதிர்வீட்டை அதற்குப்பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பெருக்கல் வீடு கேட்கவே வேண்டாம். கேள்விக்குறி வீட்டுக்குத்தான் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

அன்றிலிருந்து மீட்டர்காரர் ஒரு பிழைக்கத் தெரிந்த கேள்விக்குறி ஆனார். "இன்னும் முடிவு பண்ணலைங்க," என்பார் முகத்தைக் கஷ்டப்பட்டுக் குழப்பமாக வைத்துக்கொண்டு. சும்மா அதையே சொன்னால் சந்தேகம் வருமே என்று, துண்டறிக்கைகளை வரிவரியாகப் படித்தார். தெருமுனைக் கூட்டங்களில் முன் நாற்காலி பிடித்தார். பழைய மீட்டர் நோட்டில் கேள்விகள் எழுதிவைத்தார். இரண்டு நாற்காலிகள் புதிதாக வாங்கினார்.

அவருடைய பிரம்மாஸ்திரம், தெருமுனையில் தேங்கும் தண்ணீர். அந்த வடிகால் எங்கே போய் முடிகிறது? கவுன்சிலர், ஆவன செய்வதாகச் சொன்னார். அடுத்தவர் இரும்புக்கடை முதலாளி. தான் வந்தால் மறுநாளே சரியாகிவிடும் என்றார். எது சரியாகும் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது, பள்ளிச் சீருடை தைக்கும் தையற்காரம்மா. சுயேச்சை. ஆள் கிடையாது, வண்டி கிடையாது. அளவு நோட்டின் பின்பக்கமே பட்டியல். கேள்வியைக் கேட்டதும் கொஞ்சம் யோசித்து, "தெரியலை சார். விசாரிச்சுட்டு வந்து சொல்றேன்," என்றார்.

ரெண்டே நாளில் வந்தார். நோட்டில் கோடு போட்டுக் காட்டினார். வடிகால் எங்கேயும் முடியவில்லை, பூங்காவுக்கு அடியில் பாதியில் நிற்கிறது. மேற்கொண்டு தோண்டவே இல்லை. நாற்பது நிமிடம் இருந்தார். டீ குடித்தார். சுவரில் இருந்த மனைவியின் படத்தைப் பார்த்து, அம்மா எப்போ போனாங்க என்று விசாரித்தார். அந்தக் கேள்வியில்தான் மீட்டர்காரர் தடுமாறிவிட்டார்.

"என் ஓட்டு உனக்குத்தாம்மா."

தையற்காரம்மா சந்தோஷமாக நோட்டில் ஒரு டிக் அடித்தார். பேனா போன போக்கைப் பார்த்த பிறகுதான், டிக் வீட்டுக்கு யாரும் திரும்பி வருவதில்லை என்பது இவருக்கு ஞாபகம் வந்தது. அதற்குப்பிறகு அவர் வரவில்லை.

ஓட்டுப்போடும் நாள், காலையிலேயே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். போடாதவர்களைத் தேடி ஆள் வரும் என்பது அவருக்குத் தெரியும். வந்தார்கள், கவுன்சிலரின் ஆட்கள் இரண்டு தடவை, இரும்புக்கடை வண்டி மூன்று தடவை. இதோ வர்றேன் என்று சொல்லி அனுப்பினார். ஓட்டுச்சாவடி இருந்த பள்ளிக்கூடம் அடுத்த தெருதான், ஐந்து நிமிட நடை, ஐந்து மணி வரை போடலாம். ஆனால் போட்டுவிட்டால் அப்புறம் தையற்காரம்மா எதற்கு வரப்போகிறார்? நாலே முக்காலுக்குப் படியில் காலடி கேட்டது. எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. பூட்டைத் தேடிப் பூட்டி, இறங்கி, பள்ளிக்கூடம் போனபோது மணி ஐந்தாகி, கேட்டைச் சாத்தியிருந்தார்கள்.

கவுன்சிலர் ஜெயித்தார். தையற்காரம்மாவுக்கு அந்தச் சாவடியில் விழுந்தது ஒன்பது ஓட்டு.

நாலாம் நாள் சாயங்காலம் மணி அடித்தது. அவர்தான், அதே நோட்டோடு.

"எனக்குப் போடறதாச் சொன்னவங்க பத்துப் பேரு சார். விழுந்தது ஒன்பது. யாருன்னு தேடலை, பத்துப் பேருக்கும் நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

மீட்டர்காரர் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ஒற்றைக் கையால் பால் காய்ச்சினார். ஒற்றைக் கையால் வடிகட்டப் பார்த்தார். பாதி சமையல் மேடையில் போயிற்று. தையற்காரம்மா ஒன்றும் கேட்காமல் துணியை எடுத்துத் துடைத்தார். கேட்டிருந்தால் மீட்டர்காரர் ஒருவேளை பொய் சொல்லியிருப்பார். கேட்காததால் கையை முன்னால் கொண்டுவந்து மேடைமேல் வைத்தார். விரலில் மை இல்லை.

அந்தம்மா விரலைப் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்தார். "இப்ப உங்களுக்கு என்ன சார் போடறது?"

"கேள்விக்குறின்னே போட்டுக்கோம்மா."

அடுத்த தேர்தலுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. பழைய டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டார் தையற்காரம்மா. டீ ஆறிக்கொண்டிருந்தது. இருவரும் புது நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.