கிழிந்த கடைசிப் பக்கம்

கும்பகோணம் வாசகர் கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்து நடந்துகொண்டிருந்தேன். நானும் படித்த நாவலைப் பற்றித்தான் ஒருவர் பேசினார். அப்படிப் பேச எனக்கு வராது. கூட்டத்தில் புரட்டிய அந்தப் புத்தகத்தின் பழைய வாசனை விரலில் ஒட்டியிருந்தது.

சிறுவயதில் எங்கள் ஊரில் கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் நடந்தது. நடவில்லாத பகல்களில் படிப்பகத்தில் அத்தை மகள் செல்வி, ஒரு புத்தகத்திலிருந்து குத்தகைக்காரன் கதையைத் தினமும் கொஞ்சம் படித்துச் சொல்வாள். எல்லோரும் பசியை மறந்து கேட்பார்கள். பொறாமையில் நான், அவள் முடிவைப் படிக்கும் முன்பே, அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து வாய்க்காலில் விட்டேன்.

“கடைசியில அவனுக்கு நெலம் கெடைச்சுதா புள்ள?” என்றார் அப்பா.

செல்வி கிழிசலைப் பார்த்தாள், பிறகு என்னை.

“கெடைச்சுது மாமா. மூணு மா நெலம்.”

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பொய் எனக்குத் தோன்றவில்லையே என்று இன்றும் வயிறு எரிகிறது.

கூட்டத்துக்கு மறுநாள் காலை ஒரு பைண்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கிழிந்த பக்கங்களை ஒட்டச் சொன்னார்கள்.