வேட்டி நுனியில் சந்தனம்

இன்று காலை எங்கள் வீட்டு கேஸ் அடுப்பு மக்கர் பண்ணியது. குமிழைத் திருகினால் டக் டக்கென்று சத்தம் வருகிறது, தீ வரவில்லை. மருமகள் கம்பெனிக்குப் போன் போட்டாள். வியாழக்கிழமைதான் ஆள் வருமாம். எனக்குச் சிரிப்பு. மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனாலும் வேலந்தாவளத்தில் தீக்குச்சி கேட்காத அடுப்பை முதன்முதலில் விற்றவன் யாரென்று விசாரித்துப் பாருங்கள்.

ஜன்னலைத் திறந்துவிட்டு அடுப்பருகே குனிந்தேன். அந்த கேஸ் வாடை மூக்கில் ஏறியதும் மயிலாத்தாள் அக்கா வீட்டுப் பால் காய்ச்சு ஞாபகம் வந்துவிட்டது.

நான் அடுப்புக் கடை திறந்த புதிது. சந்தை நாளில் மாடு வாங்க வந்தவர்கள்கூட நின்று, குமிழைத் திருப்பினால் பொறி பறப்பதை வேடிக்கை பார்ப்பார்கள். வாங்கத்தான் ஆளில்லை. புது வீடு கட்டிய மயிலாத்தாள் அக்காதான் முதல் போணி. விடுவேனா? மாட்டுப் பொங்கலுக்கு மாட்டை ஜோடிப்பது போல, ஓர் இடம் விடாமல் அடுப்புக்கு என் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்து அனுப்பினேன்.

மறுநாள் நல்ல நேரம் முடியக் கால்மணி இருக்கையில் அக்கா வீட்டிலிருந்து ஆள் ஓடி வந்தது. போனால் சமையல்கட்டு நிறையச் சொந்தக்காரர்கள்.

"ஏனுங்க தம்பி, உங்க அடுப்பு பல்லியாட்டம் சத்தம் போடுது, பத்த மாட்டீங்குதே!" என்றார் அக்கா.

"தீப்பெட்டிய எடுங்க அண்ணி," என்றாள் அவருடைய நாத்தனார். "புது அடுப்பு, புது அடுப்புன்னு நாலு ஊருக்குச் சொன்னீங்கல்ல?"

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "குச்சி உரசறதுக்கு எனக்கு இது எதுக்கு? நேரத்துக்குள்ள பத்தலீன்னா, தம்பி, தலையில வெச்சு உங்க கடைக்கே கொண்டு போயிருங்க."

தலையில் அடுப்போடு சந்தை வழியே நடந்தால் கடையை அன்றைக்கே பூட்டிவிடலாம்.

சிலிண்டர் சரி. குழாய் சரி. பர்னரை ஒட்டி வெள்ளைப் பீங்கானில் ஒரு சின்ன முளை இருக்கும். பொறி தாவுவது அதன் நுனியிலிருந்துதான். அதன் தலையில் அழகாக ஒரு சந்தனப் பொட்டு. வைத்த மகராசன் நானேதான்!

கேஸை மூடினேன். வித்தைக்காரன் போல எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். வேட்டி நுனியால் ஒரே துடைப்பு. வாடை போனதும் திருகினேன். டக். நீலமாகப் பூத்தது தீ. பால் பொங்கியது, குலவையும் பொங்கியது.

"என்னங்க கோளாறு?" என்றாள் நாத்தனார்.

"மிஷின் நுணுக்கமுங்க. சொன்னாப் புரியாது."

வாசல் வரை வந்த அக்கா குரலைத் தாழ்த்தினார். "தம்பி, அந்த நுணுக்கம் வேட்டி நுனியில ஒட்டியிருக்குதுங்க. கசக்கிட்டுப் போங்க."

யாரிடமும் அவர் சொல்லவில்லை. அந்த வீதியில் மட்டும் அப்புறம் ஐந்து அடுப்பு விற்றேன். ஆனால் எங்கே பார்த்தாலும், கல்யாணப் பந்தியில்கூட, "நுணுக்கம் சௌக்கியமுங்களா?" என்று கேட்டுவிடுவார்.

இன்றைக்குக் கோளாறு, பொங்கி வழிந்த பால் அதே முளையில் காய்ந்து கிடந்ததுதான். துடைத்து, பர்னர் மூடியை நேராக உட்கார வைத்தேன். முதல் டக்கிலேயே பற்றியது.

"எப்படிங்க மாமா பண்ணுனீங்க?" என்றாள் மருமகள்.

"நுணுக்கம்," என்றேன். நம்பிவிட்டாள். வேட்டி நுனியில் பால் கறை பளிச்சென்று தெரிந்தது, அவள் பார்க்கவில்லை. பார்க்கக்கூடிய அக்கா போன சித்திரையில் போய்ச் சேர்ந்துவிட்டார். சாயங்காலம் வரை அந்த வேட்டியை நான் மாற்றவில்லை.