ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கை

என் தங்கை மாதவி கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிறவள். சோற்றைப் பிசைந்தபடி எங்கேயோ போய்விடுவாள். கூப்பிட்டால் ஒரு நிமிடம் கழித்துத்தான் திரும்பி வருவாள். அப்படிப்பட்டவள் வியட்நாமின் ஹனோயில் ஓர் அனைத்துலகப் பள்ளியில் ஏழு வருடமாக அறிவியல் ஆசிரியை.

ஜூன் விடுமுறைக்கு மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அடுத்த ஒப்பந்தத்துக்குச் சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் சம்பளத்தில்தான் இந்த வீடே எழும்பியது. ஆனாலும் கையெழுத்துப் போடாமல் இழுத்துக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் சும்மா ஒரு சுற்றுப் போனேன். பனி இன்னும் விலகவில்லை. மரங்கள் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நின்றன.

"அண்ணே, இந்த இடம் அடிக்கடி கனவுல வருது," என்றாள். "மரத்துக்கு நடுவுல என் வகுப்பு நாற்காலியெல்லாம் வரிசையா கெடக்கு. பிள்ளைங்க உட்கார்ந்து இலையப் பார்த்துப் படம் வரையுறாங்க. நான் பாட்டுக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டே போறேன். யாருமே 'டீச்சர் எப்ப வருவாங்க'ன்னு கேக்கல."

"யாரு அப்படிக் கேக்குறா?"

"பெற்றோர் சந்திப்புல கேப்பாங்க. எனக்குப் பின்னால எட்டிப் பார்த்துக்கிட்டே. வெள்ளைக்கார டீச்சர் வருவாங்கன்னு நெனச்சு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "மூஞ்சிக்கு நேரா நாலு கேட்டிருக்கணும்லா!" என்று ஸ்டீரிங்கைக் குத்தினேன். அவள் சிரித்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி மறுபடி பனிக்குள் போய்விட்டாள்.

வீட்டுக்குத் திரும்பினால், அம்மா அந்தப் பள்ளியின் புதிய விளம்பரப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். மாதவியின் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறார். ஒன்பதாம் பக்கத்தில் வகுப்பறைப் படம். போன வருடம் வேலைக்குச் சேர்ந்த வெள்ளைக்கார இளைஞன் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிறான். ஓரத்தில் ஒரு கை மட்டும், பலகையில் வரைந்த இலையைத் தொட்டுக் காட்டுகிறது.

"இது உன் கைதானே? சுண்டுவிரல் கோணல் எனக்குத் தெரியாதா? மூஞ்சி எங்க?"

"கேமராவுல விழலம்மா."

"அந்தப் பையன் மட்டும் விழுந்திருக்கானே?"

மாதவி இந்தத் தடவை எங்கும் போகவில்லை. அங்கேயே நின்று, உடைந்து அழுதாள். "தள்ளி நிக்கச் சொன்னாங்கம்மா. என் வகுப்பு, நான் வரைஞ்ச படம். நானும் தள்ளி நின்னேன்மா."

அம்மா அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மத்தியானம் மாதவி மடிக்கணினியைத் திறந்து பதில் எழுதி, திரையை என் பக்கம் திருப்பினாள். வேலையைத் தொடர விரும்புகிறேன் என்று முதல் வரி. என் வகுப்பைப் படமெடுக்கும்போது இனி நான் தள்ளி நிற்கமாட்டேன் என்று இரண்டாவது.

காலையில் அத்தனை வீரம் பேசிய நான் அவசரமாகத் திரையில் விரலை வைத்தேன். "ரெண்டாவது வரிய எடுத்துடுலா. வேலை போயிடும்," என்றேன்.

"நீயும் தள்ளி நிக்கச் சொல்றியாண்ணே?"

மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு வரியையும் அப்படியே அனுப்பிவிட்டாள்.