டிவிக்குள்ளிருந்து வந்த தும்மல்

விளையாட்டைத் தொடங்கிய உடனே செத்துப்போவோம் என்று யாரும் எனக்குச் சொல்லி வைக்கவில்லை. அப்போது பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எந்தப் பித்தானை அழுத்தினால் நடக்கலாம் என்று தடவிப் பார்ப்பதற்குள் எங்கிருந்தோ ஒரு குண்டு வந்தது. திரை முழுக்கச் சிவந்தது. நான் தரையில் கிடந்தேன். "ஐயோ, செத்துட்டேன் மா!" என்று நான் போட்ட கூச்சலில் அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியும் கையுமாக ஓடிவந்தார்.

டிவியில் மாட்டி ஆடும் அந்த விளையாட்டுப் பெட்டியை மாமா கொண்டுவந்திருந்தார். மாமா அம்மாவின் தம்பி, நீலாய் பட்டணத்தில் தொழிற்சாலை வேலை. தனக்குப் புதிது வாங்கிவிட்டதாகச் சொல்லி, பழையதை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, பகா ஊருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்தார். தட்டில் மிஞ்சிய முறுக்கைக்கூடப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிற மனிதர் இவ்வளவு பெரிய பொருளைத் தூக்கிக் கொடுத்தது எனக்குப் பெரிய அதிர்ச்சி. அதில் போட்ட விளையாட்டுக்கும் காசு வேண்டாம் என்றபோது நான் நம்பவே இல்லை.

அப்பாவும் நம்பவில்லை. அவர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். வேலை முடிந்து வந்தவர் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தார். "சும்மா குடுக்கிறவன் எவனும் சும்மா குடுக்க மாட்டான்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். என்ன அர்த்தமென்று தெரியாமலே நானும் பதிலுக்குக் கண்ணடித்து வைத்தேன்.

எங்கள் வீட்டில் அப்போது சிரிப்பு குறைவு. எனக்கு மிகவும் மூத்தவளான அக்கா, நீலாயில் கூட வேலை பார்த்த சீனப் பையனை வீட்டில் கேட்காமல் கொள்ளாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டிருந்தாள். செய்தி வந்த அன்றே அப்பா அம்மாவைச் சாமி மேடைக்கு முன்னால் நிறுத்தி, எரிகிற கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்ய வைத்தார். அவளைப் பார்ப்பதில்லை, போனில் பேசுவதில்லை, அவள் பெயரை வாயால் சொல்வதில்லை. கற்பூரம் அடித்துச் சொன்னதை மீறினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அம்மாவுக்குப் பயம். அந்தப் பயத்தில் ஒரு தீபாவளியையே அழாமல் கடத்தியிருந்தார். எனக்கு அக்கா வேண்டும் என்று கேட்கக்கூட வழியில்லை, கேட்டால் பெயரைச் சொல்ல வேண்டுமே.

விளையாட்டு மாமாவின் கைப்பேசி இணையத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கி முடிந்த நேரம் ராகு காலம். அம்மா தொட விடவில்லை. அது கழிந்ததும் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டிய பிறகுதான் கன்ட்ரோலர் என் கைக்கு வந்தது. நம் பக்கம் ஐந்து பேர், எதிர்ப் பக்கம் ஐந்து பேர். யாரும் யாரையும் பார்த்ததில்லை. அவரவர் வீட்டிலிருந்தபடி ஒன்றாகச் சுட வேண்டும்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடா துப்பாக்கி?" என்றார் அம்மா.

"சுடவே வேணாம்க்கா. மருந்து குடுக்கிற ஆளும் இருக்கு லா," என்று மாமா எனக்கு ஒரு மருத்துவச்சியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். பிறகு தன் தொழிற்சாலைக் கூட்டாளியான பெண் ஒருவரை எனக்குத் துணையாகச் சேர்த்துவிட்டார். "இவங்க உன்னைப் பாத்துக்குவாங்க. மைக் கெட்டுப்போச்சு, பேச மாட்டாங்க. ஆனா நீ பேசுறது நல்லா கேக்கும். டிவி மேல இருக்கிற மைக்கை மட்டும் மறைச்சிராதே," என்றார்.

அந்தக் கூட்டாளி மகா மோசமான ஆட்டக்காரி. பெரிய கேடயம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நிற்பாள். அவ்வளவுதான். எதிரியைச் சுட மாட்டாள், ஓட மாட்டாள், என்னை நோக்கி வரும் குண்டையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு சாவாள். பிழைத்து வந்து மறுபடியும் அதே இடத்தில் நிற்பாள். மற்ற மூவரும் மலாய் மொழியில் திட்டித் தீர்ப்பார்கள். இவளை வைத்துக்கொண்டு எப்படி ஜெயிப்பது என்று எனக்கு ஆத்திரமாக வரும். ஏதாவது கேட்டால் இரண்டு தடவை குனிந்து நிமிர்வாள். அதற்கு ஆமாம் என்று அர்த்தம் என்பதை நானாகவே கண்டுபிடித்தேன்.

இதையெல்லாம் நான் சொன்ன நாளிலிருந்து அம்மா காய்கறியை டிவிக்கு முன்னால் கொண்டுவந்து நறுக்க ஆரம்பித்தார். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் பதுங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, "அந்தப் புள்ள சாப்பிட்டுச்சான்னு கேளு," என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பேன். கேடயக்காரி குனிந்து நிமிர்வாள். "ஒடம்புக்கு ஒன்னும் இல்லியேன்னு கேளு." மறுபடியும் குனிந்து நிமிர்வாள். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஊரார் பிள்ளைமேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்குப் பொறாமைகூட வந்தது.

ஒரு நாள் மத்தியானம் அடைமழை. செம்பனைக் காட்டுக்குள் லாரி இறங்க முடியாமல் அப்பா சீக்கிரமே வந்துவிட்டார். தேத்தண்ணி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அம்மா பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் கேடயத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். கெட்டுப்போனதாக மாமா சொன்ன அந்த மைக்கிலிருந்து, டிவிக்குள் யாரோ சத்தமாகத் தும்மினார்கள்.

"நூறு," என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

எங்கள் வீட்டில் பிள்ளை தும்மினால் நூறு வயது இருக்கட்டும் என்று வாழ்த்த வேண்டும். அடுத்த தும்மலுக்கு இருநூறு. அது அப்பா வாய்க்கு மூச்சு விடுவதுபோல் பழகிப்போயிருந்தது. டிவி மறுபடியும் தும்மியது. "இருநூறு," என்றவர் சட்டென்று கண்ணைத் திறந்தார். மூன்றாவது தும்மல் வந்தது. ஆரம்பத்தில் பெரிதாகவும் முடிவில் பூனைக்குட்டி மாதிரியும் மூன்று மூன்றாகத் தும்முகிற ஆள் எங்களுக்குத் தெரிந்து உலகத்தில் ஒருத்திதான்.

இத்தனை நாளாக நான் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்த கேடயக்காரி என் அக்கா!

அப்பா எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றார். அம்மாவின் கத்தி பாதிக் காயில் நின்றது. "நான் சத்தியத்தை மீறலைங்க," என்றார் அம்மா. "மூஞ்சியப் பாக்கல. போன்ல பேசல. பேரச் சொல்லல." இதோ பெட்டி மழைக்குள் பறக்கப்போகிறது, அக்காவும் அதோடு போய்விடுவாள் என்று நினைத்தேன். அவர் முதுகு மறைத்ததில் என் மருத்துவச்சி செத்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

"முந்நூறு," என்றார் அப்பா. குடையை எடுத்துக்கொண்டு லாரியைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் மழையே இல்லை. ஆனாலும் அப்பா நேரத்தோடு வந்துவிட்டார். நான் பயந்துபோய்ப் பெட்டிப் பக்கமே போகாமல் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, இன்னைக்கு வெளையாடலியா?"

காதில் விழுந்ததை நம்ப முடியாமல் போய்ப் பெட்டியைப் போட்டேன். கேடயக்காரி ஓடிவந்து என் முன்னால் நின்றாள். அப்பா நாற்காலியை டிவி பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "எனக்குப் பிரஷர் எறங்கிருச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு." அதை அவரிடம் யாரும் விசாரிக்கவில்லை. "பின்னால ரம்புத்தான் கொத்துக் கொத்தா காய்ச்சிருக்கு. மரம் ஏறிப் பறிக்கத்தான் இந்த வருஷம் ஆளைக் காணோம். சீனப் பையனுங்க நல்லா மரம் ஏறுவானுங்களாமே?" தோட்டத்தின் மறுகோடியில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோல் அவ்வளவு சத்தம்.

அப்பாவுக்கு விஷயம் மறந்துவிட்டது! எழுந்து ஓடி மைக்கை உள்ளங்கையால் பொத்தினேன். "அப்பா, மெதுவா பேசுங்க! நீங்க பேசுறது எல்லாம் அவங்களுக்குக் கேக்குது!"

"எல்லாமா?" என்றார் அப்பா.

"எல்லாந்தான் ப்பா!"

"நெசமா?"

இத்தனை வருடம் லாரி ஓட்டிய மனிதருக்கு மைக் என்றால் என்னவென்றுகூடத் தெரியவில்லையே என்று நான் அதிர்ந்துபோனேன். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினேன். இங்கே பேசுவது அப்படியே அந்தப் பக்கம் போய்விடும், இருமினால்கூடப் போய்விடும், எதையும் மறைக்க முடியாது என்று சொன்னேன். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மைக்கிலிருந்து என் கையை மெல்ல எடுத்துவிட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு, ரம்புத்தான் கதையை முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தார்.