அப்பாவின் பயம் போட்ட தோட்டம்

அன்பான உறவினர்களே, நண்பர்களே, அப்பா கர்த்தருடைய சமுகத்துக்குப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் மற்றவர்கள் அப்பாவின் பொறுமையையும் தைரியத்தையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். பொறுமை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். தைரியம் என்பதை மட்டும் மகளாகிய நான் திருத்தியாக வேண்டும். அப்பா சரியான பயந்தாங்கொள்ளி. அந்தப் பயத்தைத்தான் நீங்களெல்லாம் அவியலும் தோரனுமாக எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

அப்பா குன்னத்துகாலில் பிறந்தார்கள். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, அடுத்தவர் விளையில் மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிக் கூலி வாங்கிப் படித்து, அரசுப் பேருந்தில் கண்டக்டர் ஆனார்கள். திருமணத்துக்குப் பிறகு கொல்லயிலில் பத்து சென்ட் வாங்கி வீடு வைத்தார்கள். பணி ஓய்வு பெறும்வரை அந்த மண்ணில் ஒரு பச்சைமிளகாய்கூட நட்டதில்லை. செடி என்றால் குனிய வேண்டும், முதுகு வலிக்கும் என்பார்கள்.

பிறகு அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வர வேண்டும், காய்கறி நிறையச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் ஆட்டோவில் வீடு திரும்புகையில் மாநில எல்லைக்கு அப்பாலிருந்து காய்கறி லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அப்பாவின் முகம் வெளுத்தது. "எல்லாம் மருந்தடிச்சதாக்கும். இதையா இவளுக்குக் குடுப்பேன்?" என்றார்கள். மறுநாள் காலையில் மண்வெட்டியோடு நின்றார்கள். கடைக் காய் எங்கள் அடுக்களைக்குள் வருவது அன்றோடு நின்றது.

வீட்டுக்கு வந்த பலர் அப்பாவின் முறைகளை எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். முதலில் வைத்த தக்காளி முழுவதும் வாடிச் செத்தது. நம் மண்ணில் புளிப்பு அதிகம். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே சுண்ணாம்புப் பொடி கலந்து நனைத்துப் போட வேண்டும். மிளகாயும் கத்தரியும் சித்திரைக்கு நேரான மேட மாதமே நாற்றுப் பாவினால், பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். வெண்டைக்கு மழைக்காலம் ஒத்துவரும். சிவப்புக் கீரைக்கு ஆகாது, இலையெல்லாம் புள்ளி விழும். ஆகவே சிவப்புக்கு இடையில் பச்சைக் கீரையைக் கலந்து விதையுங்கள், தண்ணீரை இலைமேல் கொட்டாமல் வேரில் ஊற்றுங்கள். பயற்றில் செடிப்பேன் வந்தால் புளித்த கஞ்சித் தண்ணீர் தெளிக்கலாம். பாகற்காய் விரல் நீளம் வந்ததும் காகித உறை மாட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஈ குத்திவிடும். அப்பா ஒவ்வொரு உறையையும் பிரித்துப் பார்த்துப் பார்த்தே பாதிக் காயை உதிர்த்தார்கள். அதை மட்டும் பின்பற்ற வேண்டாம்.

ஆடி மழை கொட்டும் கர்க்கடகம் வந்தால் வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. கீரை அழுகும், பூ கொட்டும், அம்மாவின் தட்டில் என்ன வைப்பது? பாலித்தீன் ஷீட் போட்டு மழைமறை ஒன்று கட்டினார்கள். காற்று அடித்தால் அப்பா ஜன்னலருகிலேயே நிற்பார்கள். "இந்த ஷீட்டு போச்சுன்னா தீர்ந்துது மக்கா" என்பார்கள். நீங்கள் பாசத்தோடு வாங்கி வந்த காய்கறிப் பைகள் தெற்கு வீட்டுப் பசுவுக்குப் போயின. அது உங்களுக்குத் தெரிந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால் பெருமை முழுவதும் தோட்டத்துக்குத்தான். "பாத்தியா, இந்தத் தடவை பாவைக்காயாக்கும் காத்தது!" என்பார்கள். அம்மா அடுத்த வாய் எடுப்பார்கள்.

சென்ற ஆண்டு கர்க்கடகத்தில் ஒரு காலை, கிழிந்த ஷீட்டைக் கட்டிவிட்டு வந்து தண்ணீர் கேட்டார்கள். நெஞ்சு அடைக்கிறது என்றார்கள். தெற்கு வீட்டு அண்ணன் ஆட்டோவை எடுத்தார். பாறசாலை தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மாவுக்காக அத்தனை பயந்தவர்கள், தன்னைப் பற்றி ஒருநாளும் பயப்படவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அடக்கம் முடிந்த சில நாளில் காட்டாக்கடைச் சித்தி சமைத்துக் கொடுத்தனுப்பிய முட்டைக்கோஸ் தோரனை அம்மா சாதாரணமாகப் பிசைந்து சாப்பிட்டார்கள். நான் பதறிப் போனேன். "அம்மா, அது கடையில வாங்கினதாக்கும்!"

"அறியும் மக்கா. எனக்கு என்னைக்கு இந்தப் பயம் இருந்துது? எல்லாம் உன் அப்பனுக்காக்கும். கையில வேலை இல்லேன்னா என் மூஞ்சியையே பாத்துட்டு இருப்பாரு. அதைத் தாங்க முடியல்ல. தோட்டத்துல நின்னா கொஞ்சம் மறப்பாரு. அவரு கொண்டு வந்ததைத் தின்னா அன்னைக்கு ஒறங்குவாரு. அதுக்காகத் தின்னேன். பாவைக்கா எனக்குப் பிடிக்கவே செய்யாது."

ஐயோ, எத்தனை பாகற்காய்! எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ஆட்டோ ஓட்டிய தெற்கு வீட்டு அண்ணனுக்கும், பெட்டி சுமந்த சபை இளைஞர்களுக்கும், எங்களுக்குச் சமைத்துப் போட்ட சித்திக்கும், ஜெபித்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அம்மாவுக்கு வரும் வாரம் மறுபடியும் பரிசோதனை. அதற்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். அப்பா இல்லாத முதல் மழைக்காலம் இது. அம்மா அன்று சொன்னதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் மேடத்தில் நாற்றுப் பாவினேன், ஷீட்டை மாற்றினேன். இன்று மத்தியானம் நான் பறித்து வந்த வெண்டைக்காயை வதக்கி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். அம்மா ஒரு துண்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டு, வெறும் தட்டை என் பக்கம் சாய்த்துக் காட்டினார்கள்.

"தின்னாச்சு மக்கா. இனி என் மூஞ்சியைப் பாக்காம போயி வேலையைப் பாரு."