வேன் வராத ஞாயிறு

கிரிக்கெட் கிளப்பில் முதல் ஆளாக மட்டை பிடிக்க இறங்குவதால் எல்லோரும் அவரை ஓப்பனர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிழைப்புக்கு அவர் ஓட்டுவது சலவை வேன். விடுதிகளிலிருந்து அழுக்கு விரிப்புகளை மூட்டை கட்டி ஏற்றிவந்து, துவைத்துத் தேய்த்ததைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பார். வேன் சொந்த வேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மூட்டைகள் இறங்கிவிடும், கிளப்பின் 'கிட்', அதாவது விளையாட்டுச் சாமான்கள், மட்டும் இருக்கும். மட்டை, கால் காப்பு, ஸ்டம்பு எல்லாம் அதில்தான். எல்லாவற்றுக்கும் மேலாக மேட். அவர்களுடைய மைதானத்தில் பிட்ச் வெறும் மண். அதன்மேல் நார் மேட்டை விரித்து ஆணியடித்தால்தான் ஆட்டம். உருட்டிக் கட்டிய அந்த மேட்டைத் தூக்க நாலு பேர் வேண்டும், மோட்டார் சைக்கிளில் ஏற்ற முடியாது, காருக்குள் நுழையாது. ஆகவே கிளப்பின் உயிர் வாரம் முழுவதும் ஓப்பனரின் வேனுக்குள் சோப்பு வாசத்தோடு கிடந்தது.

ஆட்டம் என்று எடுத்துக்கொண்டால், மனிதர் நிற்கும் அழகுக்குக் குறைவில்லை. இடது காலை முன்னால் வைத்து, முழங்கையை உயர்த்தி, பந்தைக் காலடியிலேயே அமுக்குவார். படம் பிடித்து மாட்டலாம். ரன்தான் வராது. இருபதைத் தொட்டுவிட்டால் வீட்டில் ஒரு வாரத்துக்கு அதே பேச்சு. "புதுப் பந்தோட பளபளப்பை நான் தேய்ச்சுக் குடுக்கிறேன், பின்னாடி வர்றவங்க அடிக்கிறாங்க" என்று மனைவியிடம் சொல்வார். அவர் சொல்வதைப் பார்த்தால், மற்ற பத்துப் பேரும் அவர் போட்ட பாதையில் நடந்து வருகிறவர்கள் மாதிரி இருக்கும். ஐம்பதை நெருங்குகிற வயதில் எல்லா ஆட்டத்திலும் தன் பெயர் முதலில் இருப்பதற்குத் தன் ஆட்டத்தைத் தவிர வேறு காரணம் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

இந்த சீசன் ஆரம்பமே சறுக்கல். முதல் நாலு ஆட்டத்தில் மூன்றில் மண்ணைக் கவ்வினார்கள். பந்துவீச்சாளர்களில் ஒருவருக்குத் தோள்பட்டை பிசகியது, இன்னொருவர் வேலை மாறுதலில் போய்விட்டார். நடுவில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒருவன் புதிதாகச் சேர்ந்தான். அதிகம் பேசமாட்டான். ஆறாவதாக இறங்கிச் சத்தமில்லாமல் நாற்பது, ஐம்பது என்று அடித்துவிட்டு, தன் கையுறையைத் தானே காயப்போடுவான். அவன் புண்ணியத்தில் இரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள். அப்படியும் கடைசி ஞாயிறு வந்தபோது நிலைமை கழுத்தைப் பிடித்தது. சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். ஜெயித்தால் இருக்கிற பிரிவிலேயே இருக்கலாம், தோற்றால் கீழ்ப் பிரிவு. அந்தக் கீழ்ப் பிரிவிலிருந்து மேலே ஏற அவர்கள் எத்தனை வருஷம் நாய்ப்பாடு பட்டார்கள் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது.

சனிக்கிழமை மாலை கேப்டன் வீட்டுக்கு வந்தார். கேப்டன் ஓப்பனருக்குத் தங்கை கணவர். அச்சகத்தில் வேலை. வந்தவர் உள்ளே வராமல் வேன் பக்கத்திலேயே நின்றார். சங்கடமான விஷயம் என்பது அதிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"மச்சான், நாளைக்கு நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க. மருந்துக்கடைத் தம்பிய முதல்ல இறக்கலாம்னு இருக்கோம். ஆறாவதுக்கு வேற ஆள் இருக்கு."

ஓப்பனர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"நல்லா ஆடுறவன்தானே. இறக்குங்க மாப்ள, எனக்கென்ன."

கேப்டனுக்கு உயிர் வந்தது. "நீங்க தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னு தெரியும்" என்றவர், அதோடு போயிருக்கலாம். வாசல்வரை போய்த் திரும்பி, "கிட்டை மட்டும் கொஞ்சம் சீக்கிரமே கொண்டுவந்திடுங்க மச்சான். மேட் விரிக்க நேரம் வேணும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை ஓப்பனருக்குச் சுருக்கென்று தைத்தது. நீக்கியதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆள் வேண்டாம், வண்டி வேண்டும் என்றால் இத்தனை வருஷமும் எது ஓப்பனராக இறங்கியது? இரவு முழுக்க அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மனைவியிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அவளோ வழக்கம்போல அவருடைய வெள்ளைச் சட்டையையும் பேண்ட்டையும் இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டியிருந்தாள்.

காலையில் அதையே போட்டுக்கொண்டார். அவளிடம் என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல்தான் போட்டுக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. அவருக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டத்தைக் கெடுக்கவேண்டும் என்ற எண்ணம் சத்தியமாக இல்லை. கொஞ்சம் தாமதமாகப் போவது, அவ்வளவுதான். அவர்கள் தவிக்கட்டும். போன் வரும். வண்டி மக்கர் பண்ணுகிறது என்று சொன்னால் கெஞ்சுவார்கள். "நீங்க இல்லாம ஒண்ணும் நடக்காது மச்சான், நீங்களே இறங்குங்க" என்று கேப்டன் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அடுத்த நிமிஷம் வண்டி கிளம்பிவிடும். வளர்ந்த மனிதருக்கு வரக்கூடிய புத்தியா இது? ஆனால் வந்தது.

போன் வந்தது.

"வண்டி ஸ்டார்ட் ஆகல மாப்ள. நானும் காலைலேர்ந்து முட்டி மோதிப் பாக்கிறேன்."

"ஐயோ பாவம். பதறாதீங்க மச்சான். நீங்க தள்ளுறேன் கிள்ளுறேன்னு இடுப்பைப் பிடிச்சுக்காதீங்க. மெக்கானிக்கை அனுப்புறேன், இன்னும் நேரம் இருக்கு."

கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. கேப்டன் இவர் இடுப்பைப் பற்றிக் கவலைப்பட்டுவிட்டு போனை வைத்துவிட்டார். அந்த மெக்கானிக்தான் கிளப்பின் வேகப்பந்து வீச்சாளன். இந்த வேனின் ஒவ்வொரு திருகாணியும் அவனுக்குத் தெரியும். பொய் சொன்னவர் அதற்கேற்றமாதிரி ஒரு ஒயரையாவது பிடுங்கி வைத்திருக்கவேண்டும். அதுகூடத் தோன்றாமல், வெள்ளைச் சட்டையில் தெருவில் நின்றார்.

மெக்கானிக் மோட்டார் சைக்கிளில் வந்தான். பின்னால் உட்கார்ந்திருந்தது மருந்துக்கடைக்காரன். இருவரும் ஆட்டத்துக்கான வெள்ளை உடுப்பில் இருந்தார்கள். ஆட்டத்தில் இல்லாத மூன்றாவது மனிதரும் அதே உடுப்பில் நிற்பதை இருவரும் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி கண்ணை எடுத்துக்கொண்டார்கள். மெக்கானிக் சாவியை வாங்கி உள்ளே ஏறித் திருகினான்.

முதல் திருகலுக்கே வேன் கிளம்பியது. இருமல் இல்லை, முக்கல் முனகல் இல்லை. நேற்றுத்தான் ஷோரூமை விட்டு வந்தது போல ஒரு சீரான சத்தம்.

மெக்கானிக் சட்டென்று அணைத்தான். கண்ணாடி வழியாக ஓப்பனரைப் பார்த்தான். ஓப்பனர் முகத்தில் ஈயாடவில்லை. அதற்குள் சத்தம் கேட்டு ஓப்பனரின் மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"என்னாச்சு தம்பி, சரியாயிடுச்சா?"

மெக்கானிக் ஒரு கணம் யோசித்தான். பிறகு இறங்கிவந்து பானெட்டைத் திறந்தான். "இன்னும் இல்ல அண்ணி. பேட்டரி ஒயர் லூசா இருக்கு. இப்ப பிடிக்கும், நடு ரோட்ல நின்னுடும். இறுக்கிக் குடுத்துடுறேன்."

ஸ்பேனரை எடுத்தான். இறுக்கமாக இருந்த நட்டைத் தளர்த்தினான், மறுபடி இறுக்கினான். ஒயரை உருவித் துடைத்தான், மாட்டினான். புகுந்து பார்ப்பது போலத் தலையை உள்ளே விட்டான். வெளுத்த சட்டையின் கையில் கறுப்பு மசகு அப்பிக்கொண்டது. எல்லாம் ஓப்பனரின் மானத்துக்காக. ஓப்பனர் பக்கத்தில் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். 'விடு தம்பி, வண்டிக்கு ஒண்ணும் இல்ல, கிளம்பு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொண்டை வரை வந்தது. வாசலில் மனைவி நிற்கிறாள், மோட்டார் சைக்கிள் பக்கத்தில் மருந்துக்கடைக்காரன் நிற்கிறான். வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, பெரிய அக்கறையோடு, "இந்தப் பக்கமும் கொஞ்சம் பாரு தம்பி" என்றார்.

அவர்கள் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்பயர்கள் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். சொன்ன நேரத்துக்குள் மேட் விரிக்காவிட்டால் எதிரணிக்கு வெற்றி என்பது லீகின் விதி. இப்போதுதான் அறிவித்தோம், கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்றார் ஒரு அம்பயர். எதிரணிக்காரர்கள்கூடச் சந்தோஷப்படாமல் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். கேப்டன் ஓப்பனரின் தோளில் கைபோட்டு, "வண்டிதானே மச்சான், யார் என்ன பண்ண முடியும்" என்றார். வேனிலிருந்து இறக்காமலே மேட் திரும்பிப் போனது.

அடுத்து வந்த நாட்களில் ஓப்பனர் மெக்கானிக் கடை இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டு போனார். விரிப்பு மூட்டையைத் தூக்கும்போதெல்லாம் "இந்தப் பக்கமும் பாரு" என்று தான் சொன்ன குரல் காதில் விழுந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டில் மனைவி, "வண்டி கெட்டதுக்கு நீங்க எதுக்கு இப்படி உருகிப் போறீங்க" என்று இன்னொரு கரண்டி சோறு வைப்பாள். திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பார்.

சீசன் முடிந்ததும் மெக்கானிக் கடையில்தான் எல்லோரும் கூடுவது வழக்கம். பழைய டயர்களின்மேல் உட்கார்ந்து டீ குடித்தபடி, யார் எத்தனை ரன், யார் எத்தனை கேட்சைக் கோட்டைவிட்டார்கள் என்று கேலி நடக்கும். ஓப்பனர் போகாமலிருக்கக் காரணம் தேடினார், கிடைக்கவில்லை. போனார். அங்கேயும் யாரும் அவரை ஒரு சொல் குத்தவில்லை. கீழே போனால் என்ன, ஒரே வருஷத்தில் ஏறிவிடலாம் என்று கேப்டன் பேசினார். பேசி முடித்துவிட்டு ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நம்ம கிட்டை இத்தனை வருஷமா சுமந்தவர் மச்சான். அவர் வண்டிய நாம ஒரு தடவையாவது கவனிச்சிருக்கணும். அதனால எல்லாருமா சேர்ந்து இது." புது பேட்டரி.

எல்லோரும் கைதட்டினார்கள். மெக்கானிக் தரையைப் பார்த்தான். ஓப்பனர் இரண்டு கையாலும் பெட்டியை வாங்கினார். வாங்கிய வேகத்திலேயே கீழே வைத்துவிட்டார்.

"மாப்ள, இது எனக்கு வேண்டாம். வண்டி நல்லாத்தான் இருந்துச்சு."

"என்ன மச்சான்?"

"அன்னைக்கு ஒண்ணுமே ஆகல. என்னை எடுத்துட்டீங்கன்னு எனக்கு வீம்பு. நீங்க கெஞ்சுவீங்கன்னு நெனச்சு வீட்லயே நின்னேன். மெக்கானிக் தம்பி மேல தப்பில்ல, அவன் என் மானத்தைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னான். சாவி போட்டதும் வண்டி கிளம்பிடுச்சு."

மெக்கானிக்கைத் தவிர, மருந்துக்கடைக்காரன் மட்டும்தான் ஆச்சரியப்படவில்லை. அவன் அன்றைக்குப் பக்கத்திலேயே நின்றவன். முதல் திருகலுக்கே வண்டி கிளம்பிய சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கிறது, இத்தனை நாளும் யாரிடமும் மூச்சுவிடாமல் பேட்டரிக்குத் தன் பங்கையும் கொடுத்திருக்கிறான். அதை நினைத்தபோது ஓப்பனருக்கு நின்ற இடத்திலேயே புதைந்துபோகலாம் போலிருந்தது.

கேப்டன் கத்துவார் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"வண்டி கிளம்பினப்போ நேரம் இருந்துச்சா?"

"இருந்துச்சு, மாப்ள."

கேப்டன் தலையை மெல்ல ஆட்டினார். பிறகு ஓப்பனரை விட்டுவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பி, அடுத்த சீசனுக்கு மேட்டை எங்கே வைக்கலாம் என்று கேட்டார். மெக்கானிக்தான், தரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இங்கயே வச்சுக்கலாம்ணே, எடம் இருக்கு" என்றான்.