தபால்காரர் சொல்லட்டும்

அன்று ஆயர் ஈத்தாமில், அத்தையின் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் நாங்கள் நால்வர் இருந்தோம்: அத்தை, அவருடைய தம்பியான என் அப்பா, அம்மா, நான். தங்கை மட்டும் இல்லை. கெப்பாலா பத்தாஸில் அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்கிற அவளுக்கு அந்த வாரம் விடுப்புக் கிடைக்கவில்லை. ஆனால் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டிருந்த புதிய தொலைக்காட்சி அவள் அத்தைக்கு வாங்கிக் கொடுத்தது. அந்த வகையில் அவளும் அங்கே இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். தொலைக்காட்சிக்கு முன்னால், மேசைமேல் விரித்த பூந்துண்டில், அத்தையின் பழைய கணினி இருந்தது.

கணினி என்றதும் இன்றைய பிள்ளைகள் நினைப்பதுபோல் அல்ல அது. திரை கிடையாது. தடித்த புத்தகத்தின் அளவில் ஒரு கறுப்பு விசைப்பலகை. மற்றதெல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். தொலைக்காட்சியோடு இணைத்தால் படம் அங்கே தெரியும். சத்தம் மட்டும் தொலைக்காட்சிக்குப் போகாது. கணினியின் வயிற்றுக்குள் இருக்கும் சின்ன ஒலிபெருக்கியிலிருந்தே கீச்சென்று வரும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அத்தை வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊர் திரும்பிய வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவர் அதை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். கூடவே சில ஒலிநாடாக்கள். நாடாவை ஓடவிட்டு, அது வீறிட்டு முடியும்வரை காத்திருந்தால் ஓர் ஆட்டம் ஏறும். பல ஆட்டங்கள் இருந்தும் அத்தை ஆடியது ஒன்றைத்தான். தோளில் பையோடு ஒரு தபால்காரர் ஊரைக் கடந்து போக வேண்டும். முதல் திரையில் உடைந்து விழும் பாலப்பலகைகள், இரண்டாவதில் நாய்கள், மூன்றாவதில் உருண்டு வரும் பானைகள், நான்காவதில் ஆற்றில் முன்னும் பின்னும் போகிற படகுகள். ஆட்டத்தின் பெயர் ஆங்கிலத்தில் ஏதோ போட்டிருக்கும். நாங்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. எங்களுக்கு அது தபால்காரர்.

நான் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் வீட்டு வழக்குகளெல்லாம் அந்தத் தபால்காரரிடம்தான் போகும். யார் பாத்திரம் கழுவுவது, கடைசி இறால் யாருக்கு, விடுமுறைக்கு எங்கே போவது என்று பேச்சு முற்றினால், அத்தை துண்டை விலக்கிக் கணினியை எடுத்துவிடுவார். சட்டம் எளிமையானது: மூன்று உயிர், நான்காம் திரையைத் தாண்ட வேண்டும். தாண்டினால் ஆடியவர் சொன்னது நடக்கும். தாண்டாவிட்டால் எதிராளி சொன்னது. அதற்குமேல் யாரும் வாய் திறக்கக் கூடாது. நானும் தங்கையும் பானைகளைத் தாண்டியதே அபூர்வம். அத்தை தோற்று நான் பார்த்ததில்லை. தொழிற்சாலையில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துத் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டிய விரல்கள் அவை. விசைகளை அவர் அமுக்குவதுபோலவே தெரியாது. விரல் அதன்மேல் சும்மா இருப்பதுபோல் இருக்கும், தபால்காரர் பறந்துகொண்டிருப்பார்.

என் படிப்பும் அப்படி வந்ததுதான். எங்கள் குடும்பத்தில் இடைநிலைப் பள்ளியைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். ஜொகூரில் பல்கலைக்கழக இடம் கிடைத்தபோது அப்பாவுக்கு விருப்பமில்லை. அவ்வளவு தூரம் போய் என்ன படிப்பு, தெரிந்தவர் பட்டறையில் சேர்ந்துகொள்ளட்டும் என்றார். அவருக்கு என்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. எங்கள் ஆட்களில் யாரும் போகாத இடம். என்ன ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் கிடையாது. அத்தை வாதம் எதுவும் செய்யவில்லை. "நான் ஆடறேன். தாண்டிட்டா புள்ள படிக்கப் போவுது" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே சரி என்றார். அத்தை ஓர் உயிர்கூட விடாமல் படகுகளைத் தாண்டினார். அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து போனார். மறுநாள் எனக்குப் பெரிய பெட்டி ஒன்று வாங்கி வந்தார். கொடுத்த வாக்கைக் குறித்து அவர் பிறகு ஒருநாளும் குறைபட்டுக்கொண்டதில்லை.

சென்ற ஆண்டு, ஒரு மழைக்குப் பிறகு, பசாருக்குப் பக்கத்துச் சரிவில் அத்தை மோட்டார் சைக்கிளோடு விழுந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, முழங்கை சிராய்த்திருந்தது. நீளக்கைச் சட்டை போட்டு எங்களிடமிருந்து மறைத்தார். மீன் விற்கிற அக்கா அப்பாவுக்கு அழைத்துச் சொல்லித்தான் தெரிந்தது. நாய் குறுக்கே வந்ததாம். அம்மாவிடம் மட்டும் அத்தை மெதுவாகச் சொன்னாராம், நாயைப் பார்த்தேன், கைதான் கொஞ்சம் தாமதமாகப் போனது என்று. அதை அம்மா அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே பேச்சு: சாவியைக் கொடுத்துவிடு. அத்தைக்கு அது வெறும் வண்டிச் சாவி இல்லை. ஓய்வு பெற்ற பிறகு அவர் டத்தோ கிராமாட்டில் ஒரு தோழியின் சமையற்கட்டில் காலை வேளைகளில் வேலை செய்கிறார். பசார், கோவில், மருத்துவமனையில் படுத்திருக்கிற யாராவது என்று தினமும் போய்வர ஆயிரம் இடம். தனியாக வாழ்கிறவர் யாரிடமும் கேட்காமல் புறப்படுவதும் திரும்புவதும் அந்த மோட்டாரால்தான். அது போனால் அந்த வீடு நான்கு சுவர். அப்பாவுக்கும் இது தெரியும். ஆனால் அவருக்கு இருப்பது ஒரே அக்கா.

அன்று அத்தை வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் அப்பா மறுபடி ஆரம்பித்தார். "வயசாயிருச்சுக்கா. கை முன்ன மாதிரி இல்ல. நீயே சொல்லியிருக்க."

அத்தை அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அம்மா தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

"கை சரியில்லன்னு நீ சொல்லி நான் கேட்க மாட்டேன்," என்றார் அத்தை. "தபால்காரர் சொல்லட்டும். தாண்டலன்னா சாவி உனக்கு."

பழைய கணினியைப் புதிய தொலைக்காட்சியில் ஓட வைக்கும் வேலையை நான் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே தொடங்கியிருந்தேன், அத்தைக்கு ஒரு மகிழ்ச்சியாக இருக்கட்டுமே என்று. பழைய கம்பியை அப்படியே செருகியபோது திரையில் மணல் கொட்டியதுபோல்தான் வந்தது. கொம்தார் பக்கம் பழுது பார்க்கிற ஒருவரிடம் கொடுத்துக் கணினியிலிருந்து வேறொரு கம்பி இழுத்து, அதை ஒரு சிறிய மாற்றிப் பெட்டி வழியாகத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனேன். ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்துப்போயிருந்தன. தபால்காரரின் நாடாச் சத்தத்தை இணையத்தில் தேடி எடுத்துக் கைப்பேசியிலிருந்து கணினிக்கு ஊட்டினேன். கைப்பேசி வீறிட்டது, ஆட்டம் ஏறியது. சோதித்துப் பார்க்க நான் ஆடியபோது எல்லா உயிரையும் இழந்தேன். நான் எப்போதும் இழக்கிறவன் என்பதால் அதில் வித்தியாசமாக எதுவும் எனக்குப் படவில்லை.

ஆகவே அன்று எல்லாம் தயாராக இருந்தது. அகலத் திரையில் படம் பக்கவாட்டில் இழுபட்டிருந்தது. "தபால்காரர் பென்ஷன் வாங்கி நல்லா சாப்பிட்டாரு போல லா," என்று அத்தை சிரித்தார். அது அன்றைய கடைசிச் சிரிப்பாகிவிடுமோ என்று சற்று நேரத்தில் எனக்குப் பயம் வந்தது. நாங்கள் எல்லோரும் மூச்சு விடுவதுபோல் தாண்டுகிற பாலத்திலேயே அத்தை விழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு மீண்டும் ஆடினார். பாலத்தை எப்படியோ கடந்து நாய்களிடம் மாட்டினார். மூன்றாவது உயிரில் அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்ததைப் பார்த்தேன். தொழிற்சாலைக்குப் போகிற நாட்களில் அப்படித்தான் உட்காருவார். அதுவும் நாய்களோடு போயிற்று. பானைகளைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

அத்தை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாருடையதோ போல் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார். "நீ சொன்னது சரிதான் தம்பி," என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அப்பா சாவியைச் சட்டைப்பையில் போட்டார். வென்றவர் முகமாக அது இல்லை. புறப்படலாம் என்று அம்மாவிடம் சைகை காட்டி, வாசலில் ஒரு காலில் செருப்பையும் மாட்டினார். மாட்டியவர் அப்படியே நின்றார்.

"அக்கா, இன்னொரு தடவ குதிக்க வை. சும்மா."

எதற்கு என்று அத்தை கேட்டார். சும்மா வையேன் என்றார். அத்தை ஆட்டத்தைத் தொடங்கி விசையை அமுக்கினார். கணினி கீச்சென்றது, தபால்காரர் குதித்தார்.

"பாத்தியா? சத்தம் முன்னாடி வருது. ஆளு பின்னாடி குதிக்கறான்."

அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று பிறகு கேட்டேன். அக்கா தோற்பதைப் பார்க்க மனம் வராமல், ஆட்டம் நடந்த நேரமெல்லாம் அவர் சன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். காது மட்டும் இங்கே. கீச்சென்று குதிக்கும் சத்தம் கேட்டு ஒருமுறை ஆசையாகத் திரும்பினால், தபால்காரர் இன்னும் தரையிலேயே நின்றாராம். திரையையே வெறித்துக்கொண்டிருந்த நாங்கள் மூவரும் அதைக் கவனிக்கவில்லை. சாவி பைக்குள் வந்துவிட்டது. பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருந்தால் அவர் மாதக்கணக்காகக் கேட்டது அவருக்குக் கிடைத்திருக்கும். அப்பாவைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்த ஒற்றைச் செருப்போடு நின்ற நிலைதான் இப்போது எனக்கு முதலில் தோன்றுகிறது.

புதிய தொலைக்காட்சிகள் வருகிற படத்தை அப்படியே காட்டுவதில்லை. துடைத்து, மெருகேற்றி, ஒரு கண் சிமிட்டும் நேரம் கழித்துத்தான் காட்டுகின்றன. நாடகம் பார்ப்பவருக்கு அது தெரியாது. விரலும் கண்ணும் சேர்ந்து ஓட வேண்டிய ஆட்டத்தில் அந்தக் கண் சிமிட்டும் நேரத்துக்குள் ஆள் ஆற்றில் விழுந்துவிடுவார். மின்னியல் படித்த எனக்கு இது முன்பே உறைத்திருக்கலாம். அமைப்புகளைத் திறந்தேன், தங்கை மலாய் மொழியில் வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகத் தேடி, விளையாட்டுக்கென்று இருந்த ஓர் அமைப்பை இயக்கினேன். அந்த மெருகு வேலையெல்லாம் நின்றது. படம் கொஞ்சம் மங்கியது. அத்தை விசையை அமுக்கினார். சத்தமும் குதிப்பும் ஒன்றாக வந்தன.

"உன் தங்கச்சி வாங்கிக் குடுத்த டிவி என்னையக் கெழவியாக்கப் பாத்துச்சு மருமகனே," என்றார்.

முதல் ஆட்டம் செல்லாது என்று அப்பாவே அறிவித்து உட்கார்ந்தார். இம்முறை திரையைப் பார்த்து உட்கார்ந்தார். முதல் உயிர் பாலத்திலேயே போனது. தாமதத்துக்குப் பழகிவிட்ட விரல் இப்போது முந்திக்கொண்டது. இரண்டாவதில் நாய்கள், பானைகள் எல்லாம் தாண்டிப் படகில் கால் தவறினார். அவருடைய பழைய வேகம் முழுவதுமாக இல்லை. அது எனக்கே தெரிந்தது. மூன்றாவது உயிரில் அவர் அவசரப்படவில்லை. முன்பெல்லாம் படகு வருவதற்கு முன்பே பாய்கிறவர், இப்போது படகு பக்கத்தில் வரும்வரை கரையில் நின்றார். ஒரு படகைப் போகவிட்டார். அடுத்ததில் ஏறினார். கடைசிப் படகிலிருந்து அக்கரையில் குதித்தபோது அம்மாதான் முதலில் கைதட்டினார்.

அப்பா சாவியை மேசைமேல் வைத்தார். தபால்காரர் பின்னால் லாரி வராது, அண்ணி அதை மறந்துவிட வேண்டாம் என்று அம்மா சொன்னார். அத்தை அதை மறுக்கவில்லை. மழை பெய்தால் பேருந்தில் போகிறேன், இருட்டினால் வண்டி எடுக்க மாட்டேன் என்று யாரும் கேட்காமலேயே சொன்னார். அப்பா பல மாதம் சண்டை போட்டு வாங்க முடியாத வாக்கு அது. தோற்ற பிறகு கிடைத்தது.

இப்போதும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கூடத்தில் கூடுகிறோம். தங்கையும் வருகிறாள், தொலைக்காட்சியைக் குறை சொன்னால் கோபித்துக்கொள்கிறாள். அப்பாகூட ஆடிப் பார்க்கிறார். பாலத்தைத் தாண்டுவதில்லை.

அந்த ஆட்டத்துக்கு மறுவாரம் மோட்டாரைப் பட்டறைக்கு ஓட்டிப்போனவர் அப்பாதான். டயர் வழுவழுவென்று தேய்ந்திருந்ததைப் பட்டறைக்காரர் தடவிக் காட்டினார். ஈரச் சரிவில் இந்த டயரோடு யார் போனாலும் வழுக்கும் என்றார். அப்பா அத்தையைப் பார்க்காமல் தலையாட்டினார். டயர் இரண்டும் மாற்றி, பிரேக் மாற்றி, இன்சூரன்ஸும் ரோட் டெக்ஸும் புதுப்பித்தார்கள். அத்தை கைப்பையைத் திறந்தபோது அப்பா அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"தோத்தவன் நான்தானேக்கா."

எல்லாம் சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு வெள்ளி ஆனது.